பெயரை மறைத்துப் பாடியவர்கள்: வாசகர் கேள்வி பதில்

எண்பதுகளின் ஆங்கில ராக் இசையைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, இங்கிலாந்தின் எக்ஸ்.டி.சி. குழு வேறொரு பெயரில் ஒளிந்துகொண்டு இசைத்தட்டு வெளியிட்டதை ஒரே வரியில் குறிப்பிட்டுவிட்டுக் கடந்திருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இம்முறை அதிகம். எனவே இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ‘ட்யூக்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்டோஸ்ஃபியர்’ என்பது அறுபதுகளில் இருந்து மறைந்துபோன ஒரு குழு என்றே நெடுநாளாக நம்பியிருந்தேன். அது எக்ஸ்.டி.சி.தான் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் நடந்தது என்ன? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: நீங்கள் அப்படி நம்பியதில் வியப்பில்லை. கேட்பவர் நம்ப வேண்டும் என்பதற்காகவே அந்த இசைத்தட்டு அவ்வளவு சிரத்தையோடு செய்யப்பட்டது. 1985 ஏப்ரல் 1 அன்று வர்ஜின் நிறுவனம் ‘25 ஓ’க்ளாக்’ என்ற தலைப்பில் ஆறு பாடல்கள் கொண்ட ஒரு தட்டை வெளியிட்டது. பாடி இசைத்தவர்களின் பெயர்கள் சர் ஜான் ஜான்ஸ், தி ரெட் கர்ட்டன், லார்ட் கொர்னீலியஸ் ப்ளம், இ.ஐ.இ.ஐ. ஓவன் என்று அச்சிடப்பட்டிருந்தன. அறுபதுகளின் இறுதியில் இயங்கி, யாருக்கும் தெரியாமல் போன ஒரு குழுவின் தொலைந்த ஒலிப்பதிவுகள் இவை என்ற தோரணையில் அது கடைகளுக்கு வந்தது. எக்ஸ்.டி.சி.க்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்ற பேச்சு எழுந்தபோது நிறுவனம் இல்லையென்றே மறுத்தது.

அந்த நான்கு பெயர்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் முறையே ஆண்டி பார்ட்ரிட்ஜ், காலின் மோல்டிங், டேவ் கிரெகரி ஆகிய எக்ஸ்.டி.சி.யின் மூவரும், டிரம்ஸ் வாசித்த டேவின் தம்பி இயன் கிரெகரியும் ஆவர். இவர்கள் ஏன் ஒளிந்தார்கள் என்பது புரிய வேண்டுமானால், அந்தக் குழு அப்போது எந்த நிலையில் இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். ரயில் பணிமனைகளுக்குப் பேர்போன ஸ்விண்டன் நகரத்து இளைஞர்களான இவர்கள் 1977-இல் வர்ஜின் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள். 1982-இல் ‘இங்லிஷ் செட்டில்மென்ட்’ ஆல்பம் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 5-ஆம் இடத்தையும், அதிலிருந்த ‘சென்சஸ் வொர்க்கிங் ஓவர்டைம்’ பாடல் 10-ஆம் இடத்தையும் எட்டின. அதே ஆண்டில் பார்ட்ரிட்ஜ் மேடை அச்சத்தால் முற்றிலும் நிலைகுலைந்து, நடந்துகொண்டிருந்த இசைப்பயணத்தைக் கைவிட்டார். அதன் பிறகு அந்தக் குழு ஒருபோதும் ஊர் ஊராகச் சென்று வாசிக்கவில்லை. மேடை இல்லாத ராக் குழுவை நிறுவனங்கள் எப்படிப் பார்க்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1983-இல் வந்த ‘மம்மர்’ 51-ஆம் இடத்தோடும், 1984-இல் வந்த ‘தி பிக் எக்ஸ்பிரஸ்’ 38-ஆம் இடத்தோடும் நின்றுவிட்டன.

அந்த ஆண்டின் இறுதியில், கனடாப் பாடகி மேரி மார்கரெட் ஒஹாராவின் ஆல்பத்தைத் தயாரிக்கும் பொறுப்பு பார்ட்ரிட்ஜுக்கும், ஒலிப்பதிவில் தேர்ந்தவரான ஜான் லெக்கிக்கும் கிடைத்து, தொடங்கிய வேகத்திலேயே கைநழுவியும் போனது. கையில் சில வாரங்கள் ஓய்வாக மிஞ்சின. பார்ட்ரிட்ஜ் தன் மனத்தில் பல ஆண்டுகளாகக் கிடந்த ஆசையை அப்போது வெளியே எடுத்தார். 1967-ஆம் ஆண்டுக் கோடையில் பீட்டில்ஸும் பிங்க் ஃப்ளாய்டும், கனவு மயக்கம் போன்ற விசித்திர ஒலிகள் நிறைந்த சைக்கடெலிக் இசையால் இங்கிலாந்தையே கிறங்கடித்தபோது அவருக்கு வயது 13. வளர்ந்த பிறகு இப்படிப்பட்ட ஒரு குழுவில்தான் இருக்க வேண்டும் என்று அன்று ஏங்கிய சிறுவனுக்குச் செலுத்த வேண்டிய கடன் ஒன்று பாக்கியிருந்தது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். ‘ட்யூக்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்டோஸ்ஃபியர்’ என்ற பெயரும் புதிதாக யோசித்ததல்ல, எக்ஸ்.டி.சி.க்குப் பெயர் தேடிய தொடக்க நாட்களில் அவர் பரிசீலித்து, மிகவும் பகட்டாக இருக்கிறது என்று ஒதுக்கிவைத்த பெயர்தான்.

வர்ஜின் தந்த தொகை 5,000 பவுண்டு. 1984 டிசம்பரில் ஹெரிஃபோர்டு அருகே ஒரு சிறிய ஒலிப்பதிவுக்கூடத்தில், ஏறத்தாழ இரண்டு வாரங்களில் வேலை முடிந்தது. மிச்சப்பட்ட 1,000 பவுண்டை அவர்கள் நிறுவனத்திடமே திருப்பிக் கொடுத்தார்கள். ராக் இசையின் வரலாற்றில் இது அரிதினும் அரிது. வெளிவந்த தட்டு, அவர்கள் சொந்தப் பெயரில் அதற்குச் சற்று முன்பு கொண்டுவந்த ‘தி பிக் எக்ஸ்பிரஸ்’ ஆல்பத்தைப் போல இரு மடங்கு பிரிட்டனில் விற்றது. ரகசியம் பகிரங்கமாவதற்கு முன்பே இது நடந்தது என்பதைக் கவனியுங்கள்: எக்ஸ்.டி.சி. என்ற பெயரைப் பார்த்தால் கடந்து போயிருக்கக்கூடியவர்களும் இதை வாங்கியிருக்கிறார்கள்.

கேள்வி: 1985-இல் பதிவான பாடல்கள் 1967-இல் பதிவானவை போல ஒலிப்பது எப்படிச் சாத்தியமானது? வெறும் குரல் மாற்றமா, கருவிகளின் வேலையா? (பொறியியல் கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: நல்ல கேள்வி. நான் மிகவும் விரும்பி எழுதக்கூடிய பகுதியும் இதுதான்.

வேலையைத் தொடங்கும்போதே அவர்கள் மூன்று விதிகளை வகுத்துக்கொண்டார்கள். பாடல்கள் 1967, 1968-ஆம் ஆண்டுகளின் சைக்கடெலிக் மரபுக்குள் அடங்க வேண்டும். எந்தப் பகுதியையும் இரண்டு டேக்குகளுக்கு (பதிவு முயற்சிகளுக்கு) மேல் வாசிக்கக் கூடாது. முடிந்த இடத்திலெல்லாம் அந்தக் காலத்துக் கருவிகளையே பயன்படுத்த வேண்டும். இரண்டாவது விதியின் அருமை, எண்பதுகளின் ஒலிப்பதிவு முறையைத் தெரிந்தவர்களுக்கு நன்றாக விளங்கும். அப்போது ஒரு டிரம் ஒலியைச் சரிசெய்வதற்கே நாள் கணக்கில் செலவிடுவார்கள். இரண்டே டேக் என்று கட்டுப்படுத்திவிட்டால், வாசிப்பவர் தயங்கவோ மெருகேற்றவோ வழியில்லாமல் போகிறது. சிறு தடுமாற்றங்கள் அப்படியே தட்டில் நிற்கின்றன. பழைய தட்டுகளில் நாம் உணரும் உயிர்ப்பில் பெரும்பங்கு அந்தத் தடுமாற்றங்களுக்கு உண்டு.

கருவிகளில் முதலில் சொல்ல வேண்டியது மெல்லோட்ரான். பார்வைக்கு ஆர்மோனியம், பியானோ வகையைச் சேர்ந்த விசைக்கருவி போலத்தான் இருக்கும். உள்ளே ஒவ்வொரு விசைக்கும் நேர்கீழே ஒரு காந்த ஒலிநாடாத் துண்டு இருக்கிறது. அந்த நாடாவில் புல்லாங்குழலோ வயலின் கூட்டமோ பாடகர் குழுவோ ஒரே ஸ்வரத்தை நீட்டி வாசித்தது முன்கூட்டியே பதிவாகியிருக்கும். விரலை அழுத்தினால் நாடா ஓடத் தொடங்கும். ஏறத்தாழ எட்டு நொடிகளில் நாடா தீர்ந்துவிடும். விரலை எடுத்ததும் சுருள்வில் அதைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடும். ஆகவே மெல்லோட்ரானில் ஒரு ஸ்வரத்தை விரும்பிய நேரத்துக்கு நீட்ட முடியாது. நாடா ஓடும் வேகம் சீராக இருக்காது என்பதால் சுருதியும் லேசாக ஆடும். பீட்டில்ஸின் ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ பாடலின் தொடக்கத்தில் வரும், எங்கோ தூரத்திலிருந்து கசிவது போன்ற புல்லாங்குழல் ஒலி இந்தக் கருவியினுடையதே. ட்யூக்ஸ் தட்டில் அந்த ஆடும் சுருதியைக் கேட்டவுடனேயே காது பதினெட்டு ஆண்டுகள் பின்னால் போய்விடுகிறது.

அடுத்தது ஃபேசிங் என்று அழைக்கப்படும் உத்தி. ஒரே பாடலை இரண்டு ஒலிநாடா எந்திரங்களில் ஒரே நேரத்தில் ஓட விட்டு, ஒன்றின் வேகத்தை மிகச் சிறிதளவு குறைத்தும் கூட்டியும் கொண்டே வந்தால், இரண்டு ஒலிகளும் ஒன்றோடொன்று உரசி, சில அதிர்வெண்கள் அழிந்தும் சில பெருகியும் போகும். தலைக்கு மேல் விமானம் கடப்பது போன்ற ஒரு சுழல் ஒலி அப்போது பாடல் முழுவதையும் விழுங்கிக்கொண்டு ஓடும். ஸ்மால் ஃபேசஸ் குழுவின் ‘இச்சிகூ பார்க்’ (1967) இதனால்தான் இன்றும் நினைவில் நிற்கிறது. 1985-இல் இதைச் செய்யும் சிறிய மின்னணுப் பெட்டிகள் கடைகளில் எளிதாகக் கிடைத்தன என்றாலும், லெக்கிக்கு நாடாவின் வழி தெரியும். அவர் 1970 முதல் லண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தில் தொழில் பழகியவர், எக்ஸ்.டி.சி.யின் முதல் இரண்டு ஆல்பங்களைத் தயாரித்தவரும் அவரே. பழைய ஒலியைத் தேடிப் போன நண்பர்களுக்கு, அந்த ஒலி உருவான கட்டடத்துக்குள்ளேயே வளர்ந்த ஒருவர் துணையாக அமைந்தது பெரும் பேறு.

அவரைப் பற்றி நம் வாசகர்களுக்கு ஆர்வமூட்டக்கூடிய ஒரு செய்தியும் உண்டு. தட்டின் தயாரிப்பாளர்கள் பட்டியலில் ஜான் லெக்கியோடு ‘சுவாமி ஆனந்த் நாகரா’ என்றொரு பெயரும் இடம்பெற்றிருக்கிறது. பெயரைப் பார்த்து யாரோ ஓர் இந்தியர் என்று தோன்றும். அதுவும் லெக்கிதான், ரஜனீஷின் சீடராக இருந்த அவருக்குக் கிடைத்த சந்நியாசப் பெயர் அது. சைக்கடெலிக் காலத்து ஆங்கிலேய இளைஞர்கள் இந்தியாவை நோக்கித் திரும்பியதை நினைவூட்டும் அந்தப் பெயர், பொய்ப் பெயர்கள் நிறைந்த அந்த அட்டையில் அதன் சொந்தக்காரர் உண்மையாகவே பூண்டிருந்த பெயராகும்.

கேள்வி: காசு கொடுத்து வாங்குகிறவரிடம் ‘இது பழைய குழுவின் பாடல்’ என்று சொல்லி விற்பது மோசடி இல்லையா? கலை என்பதால் மட்டும் இதை மன்னித்துவிடலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

பதில்: உங்கள் கோபத்தை மதிக்கிறேன். பொய்யைப் பொய் என்றே சொல்ல வேண்டும். செய்தியாளர்களிடம் நிறுவனம் மறுத்துப் பேசியதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆயினும் இந்தத் தட்டைப் பொறுத்தவரை மோசடி என்ற குற்றச்சாட்டை ஏற்க எனக்கு மனமில்லை, காரணத்தைச் சொல்கிறேன்.

மோசடியில் வாங்கியவருக்கு நட்டம் இருக்க வேண்டும். இங்கே வாங்கியவர் எதிர்பார்த்தது 1967-இன் சாயலில் ஆறு நல்ல பாடல்கள். அவருக்குக் கிடைத்ததும் அதுவே, அதுவும் அந்த இசையை உயிராக நேசித்தவர்களின் கையால். உயிரோடிருக்கும் அல்லது மறைந்த எந்த மனிதரின் பெயரையும் அவர்கள் திருடவில்லை. இல்லாத ஒருவரின் துயரக் கதையைச் சொல்லி இரக்கத்தை விற்கவும் இல்லை. சர் ஜான் ஜான்ஸ் என்ற பெயரையும், முட்டாள்கள் தினத்தில் வெளியானதையும் சேர்த்துப் பார்க்கும் எவரும் இதில் ஒரு விளையாட்டு இருப்பதை ஊகிக்க முடியும். மேலும், இரண்டே ஆண்டுகளில், 1987-இல், ட்யூக்ஸின் பாடல்கள் ஒரே குறுந்தட்டாகத் தொகுக்கப்பட்டபோது எக்ஸ்.டி.சி.யின் பெயர் வெளிப்படையாகவே அதில் அச்சிடப்பட்டது. ஓர் எழுத்தாளர் புனைபெயரில் நாவல் எழுதினால் நாம் அவர்மீது வழக்குப் போடுவதில்லை. நம் மொழியில் எத்தனை நல்ல எழுத்து புனைபெயர்களில் வந்திருக்கிறது என்பது ஆசிரியரான உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

பெயரை மறைப்பதில் வேறொரு நேர்மையும் இருக்கிறது. 1966-இல் பீட்டர் அண்ட் கார்டன் இரட்டையர் பாடிய ‘வுமன்’ என்ற பாடலை எழுதியவர் பாரிஸில் படிக்கும் பெர்னார்ட் வெப் என்ற மாணவர் என்று சொல்லப்பட்டது. உண்மையில் எழுதியவர் பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி. தன் பெயர் இல்லாமலும் தன் பாட்டு நிற்குமா என்று அவருக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பாடல் அமெரிக்காவில் 14-ஆம் இடத்தையும் பிரிட்டனில் 28-ஆம் இடத்தையும் பெற்றது. இதே இரட்டையருக்கு மெக்கார்ட்னி தந்த ‘எ வேர்ல்ட் விதவுட் லவ்’, லெனன்–மெக்கார்ட்னி என்ற பெயர்களோடு 1964-இல் வெளிவந்து இரு நாடுகளிலும் முதலிடத்தில் இருந்தது. இரண்டும் வெவ்வேறு பாடல்கள் என்பதால் இடைவெளி முழுவதையும் பெயரின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனாலும் உலகப் புகழின் உச்சியில் இருந்த ஒருவர், அந்தப் புகழைக் கழற்றி வைத்துவிட்டுத் தேர்வு எழுத முன்வந்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அதே மெக்கார்ட்னியின் ‘த்ரில்லிங்டன்’ விஷயத்தில் உங்கள் பக்கம் சற்று நெருங்கி வருவேன். தன் ‘ராம்’ ஆல்பத்தை 1971-இல் வாத்தியக் குழுவுக்கான இசையாக மாற்றிப் பதிவு செய்து, 1977-இல் பெர்சி த்ரில்லிங்டன் என்ற கற்பனைக் கனவானின் பெயரில் அவர் வெளியிட்டார். அந்தக் கனவான் எங்கே போகிறார், என்ன செய்கிறார் என்று நாளிதழ்களில் சிறு விளம்பரங்கள் வந்தன. அட்டைக் குறிப்பை எழுதியதாகச் சொல்லப்பட்ட க்ளின்ட் ஹாரிகனும் மெக்கார்ட்னிதான். தன் கைவரிசைதான் இது என்று அவர் ஒப்புக்கொண்டது 1989-இல். இசையைவிட முகமூடிக்கு அதிக உழைப்பு செலவானதோ என்ற ஐயம் எனக்கு அங்கே எழுகிறது. ட்யூக்ஸில் அந்த ஐயத்துக்கு இடமில்லை.

கேள்வி: ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரு கலைஞர் தன் விருப்பப்படி வேறு பெயரில் பாட முடியுமா? நிறுவனம் சும்மா இருக்குமா? (வழக்கறிஞர், மதுரை)

பதில்: பொதுவாக முடியாது. இசைத்தட்டு நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை தனியுரிமை ஒப்பந்தங்கள். ஒப்பந்தக் காலத்துக்குள் கலைஞர் எந்தப் பெயரில் பதிவு செய்தாலும் அது அந்த நிறுவனத்துக்கே போக வேண்டும். எனவே வேறொரு நிறுவனத்தின் தட்டில் நண்பருக்காக வாசிக்கப் போகிறவர்களுக்கு இரண்டே வழிகள் இருந்தன: முறைப்படி அனுமதி பெறுவது, அல்லது பெயரை மறைப்பது. 1969-இல் க்ரீம் குழுவின் ‘பேட்ஜ்’ பாடலில் கிதார் வாசித்த ‘லாஞ்செலோ மிஸ்டீரியோசோ’ யார் என்று தட்டை வாங்கியவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். பாடலை க்ரீமின் கிதார் கலைஞர் எரிக் க்ளாப்டனோடு சேர்ந்து எழுதிய பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன்தான் அவர். பீட்டில்ஸின் ஒப்பந்தம் வேறிடத்தில் இருந்ததால் இத்தாலிய வேடம் தேவைப்பட்டது.

ட்யூக்ஸுக்கு இந்தச் சிக்கல் எதுவும் எழவில்லை. பணம் கொடுத்ததும் வர்ஜின், வெளியிட்டதும் வர்ஜின்; அதாவது ரகசியத்தில் நிறுவனமே கூட்டாளி. நிறுவனத்துக்கு அதில் விருப்பமில்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு க்ளாப்டன் சான்று. ‘க்ளாப்டனே கடவுள்’ என்று லண்டன் சுவர்களில் எழுதப்பட்டதைக் கண்டு சோர்ந்துபோன அவர், 1970-இல் டெரெக் அண்ட் தி டாமினோஸ் என்ற குழுவுக்குள் தன் பெயரைப் புதைத்துக்கொண்டு, சிறு அரங்குகளில் வாசித்துத் திரிந்தார். அந்த ஆண்டு நவம்பரில் அக்குழுவின் ‘லேலா’ ஆல்பம் வந்தபோது, யாருக்கும் தெரியாத டெரெக்கை எப்படி விற்பது என்று தவித்த நிறுவனம், ‘டெரெக்தான் எரிக்’ என்று அச்சிட்ட பேட்ஜுகளை விநியோகித்து முகமூடியைக் கிழித்தது. அப்படியும் பிரிட்டனின் பட்டியலில் அது அன்று இடம்பெறவில்லை. ‘லேலா’ பாடல் தனித்தட்டாக 1972-இல் பிரிட்டனில் 7-ஆம் இடத்தையும் அமெரிக்காவில் 10-ஆம் இடத்தையும் அடைந்த பிறகே அதன் உயரம் ஊருக்குத் தெரிந்தது. கலைஞர் விரும்பிய மறைவு அவருடைய மிகச் சிறந்த படைப்பையே சில காலம் மறைத்துவிட்டது என்பதையும் இதன் விலையாகச் சேர்த்தே எண்ண வேண்டும்.

சட்டக் கோணத்தில் உங்களுக்கு உதவக்கூடிய இன்னொரு செய்தி: இசைத்தட்டின் அட்டையில் எந்தப் பெயரையும் போடலாம், பாடலின் பதிப்புரிமைத் தொகை யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்கு ஓர் ஆவணம் இருந்தே ஆக வேண்டும். ரகசியங்கள் கசிகிற இடம் பெரும்பாலும் அந்த அலுவலகக் காகிதம்தான். அடுத்த கேள்விக்கான விடையும் அதில்தான் இருக்கிறது.

கேள்வி: க்ளாட்டு என்ற பெயரில் பீட்டில்ஸ் மீண்டும் கூடிப் பாடினார்கள் என்று என் தந்தை சொல்வார். அது உண்மையா? (வாசகி, புதுச்சேரி)

பதில்: இல்லை. உங்கள் தந்தையின் தலைமுறையில் உலகெங்கும் பல்லாயிரம் பேர் அதை நம்பினார்கள் என்பது மட்டும் உண்மை.

க்ளாட்டு, கனடாவின் டொரான்டோ நகரைச் சேர்ந்த ஜான் வொலோஷக், டீ லாங், டெர்ரி டிரேப்பர் ஆகிய மூவரின் குழு. 1976-இல் அவர்களுடைய முதல் ஆல்பம் வந்தபோது, அதில் வாசித்தவர்களின் பெயரோ புகைப்படமோ எதுவும் இல்லை; இசையே பேசட்டும் என்பது அவர்கள் எண்ணம். அமெரிக்காவில் அதை வெளியிட்டது கேப்பிடல், அதாவது பீட்டில்ஸின் தட்டுகளை அங்கே விற்ற அதே நிறுவனம். குரல்களும் இசைக்கோவையும் பீட்டில்ஸை நினைவூட்டின. 1977 பிப்ரவரியில் ப்ராவிடன்ஸ் நகரத்து நாளிதழ் ஒன்று ‘இவர்கள் பீட்டில்ஸாக இருக்கலாமோ’ என்று ஒரு கட்டுரை வெளியிட்டதும் தீப்பற்றிக்கொண்டது. வானொலி நிலையங்கள் துப்புகளைத் தேடின, ரசிகர்கள் தட்டைப் பின்னோக்கிச் சுழற்றிக் கேட்டார்கள், விற்பனை ஏறியது. கேப்பிடல் வதந்தியைத் தெளிவாக மறுக்காமல் மழுப்பியது. கடைசியில் வாஷிங்டனைச் சேர்ந்த ஒரு வானொலி நிலையத்தின் நிகழ்ச்சி இயக்குநர் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் பதிவேடுகளைப் புரட்டினார். பாடல்களுக்கு உரியவர்களின் உண்மைப் பெயர்கள் அங்கே இருந்தன. அத்துடன் கதை முடிந்தது.

இதில் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது பின்விளைவு. அந்த மூவரும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. தங்களைப் பீட்டில்ஸ் என்று ஒருமுறைகூடச் சொல்லிக்கொண்டதும் இல்லை. ஆனால் உண்மை தெரிந்ததும், ஏமாற்றப்பட்டதாக உணர்ந்த கூட்டம் அவர்கள் மீதே முகத்தைத் திருப்பிக்கொண்டது. நேற்றுவரை அதிசயமாக இருந்த அதே பாடல்கள், பாடியவர் கனடாக்காரர் என்று தெரிந்தவுடன் மதிப்பிழந்தன. அவற்றில் ஒன்றைக் கார்பென்டர்ஸ் இரட்டையர் அதே 1977-இல் பாடி உலகப் புகழ் பெறச் செய்தார்கள் என்பதே அந்தப் பாடல் எவ்வளவு உறுதியானது என்பதற்குச் சாட்சி. உங்கள் தந்தைக்கு அந்தத் தட்டு பிடித்திருந்தது என்றால் அவர் ரசனையில் குறையில்லை என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: ‘தி நெட்வொர்க்’ என்பது கிரீன் டே குழுதானே? ஏன் அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை? (கல்லூரி மாணவர், வேலூர்)

பதில்: ஆமாம், அவர்கள்தான், வேறு சில நண்பர்களும் சேர்ந்துகொண்டார்கள். 2003 செப்டம்பரில் ‘மணி மணி 2020’ என்ற ஆல்பத்தை, கிரீன் டேயின் பாடகர் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங்குக்குச் சொந்தமான சிறு நிறுவனம் வெளியிட்டது. முகமூடி அணிந்த அந்தக் குழுவுக்கும் கிரீன் டேக்கும் பகை என்பது போலப் பொதுவெளியில் சண்டை போட்டு, நெடுங்காலம் அந்த நாடகத்தை நடத்தினார்கள். 2020-இல் அதே பெயரில் இரண்டாம் பாகமும் வந்தது. அந்த நாடகத்தில் எனக்கு அதிக ஈடுபாடில்லை. அது நடந்த காலம்தான் முக்கியமாகப் படுகிறது. 2003-இல் அவர்கள் ஏறக்குறைய முடித்து வைத்திருந்த ஓர் ஆல்பத்தின் மூல ஒலிநாடாக்கள் திருடுபோயின. அதை மீண்டும் பதிவு செய்யாமல், புதிதாகத் தொடங்கினார்கள். அந்த இடைவெளியில்தான் நெட்வொர்க்கின் சின்தசைசர் பாடல்கள் வெளிவந்தன. அடுத்த ஆண்டு கிரீன் டேயின் ‘அமெரிக்கன் இடியட்’ ஆல்பம் வந்தது. நெட்வொர்க் இல்லாவிட்டால் ‘அமெரிக்கன் இடியட்’ பிறந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். கிரீன் டே என்றால் இப்படித்தான் என்ற எதிர்பார்ப்பிலிருந்து விடுபட்டு, மனம்போனபடி வாசித்துப் பார்க்க அவர்களுக்கு ஓர் இடம் கிடைத்தது என்பது நிச்சயம்.

கேள்வி: ரகசியம் உடைந்த பிறகு ட்யூக்ஸ் என்ன ஆனார்கள்? எக்ஸ்.டி.சி.க்கு இதனால் நன்மை ஏதும் உண்டா? எந்தப் பாடலிலிருந்து கேட்கத் தொடங்கலாம்? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: 1987 ஆகஸ்டில் ட்யூக்ஸின் பெயரில் ‘சோனிக் சன்ஸ்பாட்’ என்ற பத்துப் பாடல்கள் கொண்ட முழு ஆல்பம் வந்தது. வர்ஜின் இம்முறை அதிகப் பணம் கொடுத்தது. பதிவு கார்ன்வாலில் நடந்தது. லெக்கியே மீண்டும் தயாரித்தார். பலருக்கும் விஷயம் தெரிந்துவிட்டதால் முதல் தட்டின் திகைப்பு இதில் இல்லை. பாடல்கள் என்ற அளவில் இதுவே சிறந்தது என்பது என் கருத்து. முதல் தட்டில் ‘தி மோல் ஃப்ரம் தி மினிஸ்ட்ரி’யைக் கேட்கும்போது பீட்டில்ஸின் ‘ஐ ஆம் தி வால்ரஸ்’ முன்னால் வந்து நிற்கும். இரண்டாவதில் மோல்டிங்கின் ‘வானிஷிங் கர்ல்’ யாரையும் நினைவூட்டாமல் தன் காலிலேயே நிற்கிறது. வேடம் போட்டவர்களுக்கு அந்த வேடமே சொந்த உடம்பாகிவிட்டது அதில் தெரிகிறது.

நன்மை உண்டா என்று கேட்டால், உண்டு என்று அழுத்தமாகச் சொல்வேன். இரண்டு ட்யூக்ஸ் தட்டுகளுக்கும் இடையில், 1986-இல், எக்ஸ்.டி.சி.யின் பெயரில் ‘ஸ்கைலார்க்கிங்’ வந்தது. இன்று பலரும் அவர்களுடைய உச்சம் என்று கருதுவது அதைத்தான். ‘தி பிக் எக்ஸ்பிரஸ்’ ஆல்பத்தின் இறுக்கமும் இரைச்சலும் மறைந்து, மெல்லிசையும் தந்தி வாத்தியங்களும் கோடைக்கால மணமும் அதில் பரவியிருக்கின்றன. மாற்றுப் பெயரில் தயக்கமின்றி அனுபவித்த அந்த இசை, சொந்தப் பெயருக்குள்ளும் கசிந்துவிட்டது. அவர்களும் அதை மறைக்கவில்லை: கிதார்களைக் கடனாகத் தந்ததற்காக ட்யூக்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்டோஸ்ஃபியருக்கு நன்றி என்று ‘ஸ்கைலார்க்கிங்’ அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். லெக்கியும் இதனால் பயனடைந்தார். 1989-இல் ஸ்டோன் ரோசஸ் குழுவின் புகழ்பெற்ற முதல் ஆல்பத்தையும், 1995-இல் ரேடியோஹெட் குழுவின் ‘தி பெண்ட்ஸ்’ ஆல்பத்தையும் தயாரித்தவர் அவரே.

பார்ட்ரிட்ஜ் இதை மேலும் தொடர விரும்பினார். அறுபதுகளின் இனிப்பான பபிள்கம் பாப் வகையில், இல்லாத பன்னிரண்டு குழுக்களின் பாடல் தொகுப்பு என்ற போர்வையில் ஓர் ஆல்பம் செய்ய அவர் பின்னாளில் திட்டமிட்டார். வர்ஜின் மறுத்துவிட்டது. 5,000 பவுண்டில் கிடைத்த லாபத்தை ஏற்கெனவே கண்ணால் பார்த்த நிறுவனம் ஏன் மறுத்தது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. தொண்ணூறுகளில் அந்தக் குழு வர்ஜினுக்கு எதிராகப் பதிவு செய்யாமல் வேலைநிறுத்தம் செய்யும் அளவுக்குப் போன கசப்பில் இந்த மறுப்புக்கும் பங்கு உண்டு.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். இரண்டு தட்டுகளின் பாடல்களும் ‘சிப்ஸ் ஃப்ரம் தி சாக்லெட் ஃபயர்பால்’ என்ற 1987-ஆம் ஆண்டுத் தொகுப்பில் வரிசையாக இருக்கின்றன. கடிகாரங்கள் டிக் டிக் என்று ஒலிக்கத் தொடங்கும் ‘25 ஓ’க்ளாக்’ பாடலை முதலில் கேளுங்கள். அடுத்து ‘வானிஷிங் கர்ல்’. பிறகு, பீச் பாய்ஸ் குழுவுக்கு அஞ்சலியாக அமைந்த ‘பேல் அண்ட் ப்ரெஷியஸ்’. இவை மூன்றும் பிடித்திருந்தால் ‘ஸ்கைலார்க்கிங்’ ஆல்பத்தைத் தொடக்கம் முதல் இறுதிவரை இடைவெளி விடாமல் கேளுங்கள். பாடல்கள் ஒன்றுக்குள் ஒன்று கலந்து ஓடும்படி அது கோக்கப்பட்டிருப்பதால், தனித்தனியாகக் கேட்டால் பாதிதான் கிடைக்கும்.